அமெரிக்காக்காரி சட்டையில் எங்கள் வீட்டுக் குறி

துவைகல்லில் ஓங்கி இரண்டு அடி அடித்த பிறகுதான் பார்த்தேன். சாம்பல் நிற டி-ஷர்ட். அதன் நெஞ்சில் என் கையை விரித்த அகலத்துக்குக் கறுப்பாக எங்கள் வீட்டுக் குறி.

கொக்கி மாதிரி வளைந்த ஒரு கோடு. அதன் வயிற்றுக்குள் இரண்டு புள்ளி. கீழே ஒரு சாய்வுக் கோடு. நாற்பது வருடமாக நான் துணிகளில் கடுகளவுக்குப் போட்டு வரும் குறியை, யாரோ தோசை அளவுக்கு ஊதிப் பெரிதாக்கி, மேலே ஒரு கிரீடம் வேறு வைத்து அச்சடித்திருந்தார்கள். மூட்டையை உதறினேன். அதே மாதிரி இன்னும் நான்கு விழுந்தன.

"எவடி இவ?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பக்கத்துத் தொட்டியில் துவைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "எந்தா சேச்சி?" என்று மலையாளத்தில் கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

மழை விட்ட காலை அது. தொட்டி விளிம்பெல்லாம் பாசி வழுக்கியது. மைதானத்துக் கொடிகளில் ஓட்டல்காரர்களின் விரிப்புகள் படபடத்தன. இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு இந்தப் பேச்சியம்மாளின் கோபம் தெரியும். இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்கள் இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

கடுகளவு சமாச்சாரம்

எங்கள் வீடு கொச்சி மட்டாஞ்சேரியில். மூன்று தலைமுறைக்கும் முன்னால் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த சலவைக் குடும்பம், என் வீட்டுக்காரருடையது. அன்றைக்கு வெள்ளைக்காரக் கம்பெனிகள், இன்றைக்கு ஓட்டல்களும் ஹோம்ஸ்டேக்களும். அழுக்குக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை.

பத்து வீட்டு வெள்ளைத் துணி ஒரே வெள்ளாவியில் வேகும்போது, எது எந்த வீட்டுடையது என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் குறி. சேராங்கொட்டையைக் கீறி, அதன் பாலை ஊசி முனையில் தொட்டு, துணியின் உள்பக்கம் போட்டு, மேலே சுண்ணாம்பு தடவ வேண்டும். துணி கிழிந்து கந்தலாகும். குறி போகாது.

அந்தப் பால் தோலில் பட்டால் வெந்து கொப்பளித்துவிடும். கல்யாணமாகி வந்த புதிதில் அது தெரியாமல் குறி போட்ட கையால் கன்னத்தைச் சொறிந்துவிட்டேன். ஒரு வாரம் கன்னம் பப்பாளிப்பழம் மாதிரி வீங்கிக் கிடந்தது. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு. இனிமே நீ வேற வீட்டுக்கு மாறிப் போகமாட்டே" என்றார். அந்த ஒரு வாரமும் அவருக்குக் குழம்பில் உப்புப் போடவில்லை நான்.

கொக்கியும் இரண்டு புள்ளியும் எங்கள் குடும்பத்துக்கு. அடியில் இருப்பது துணி வந்த இடத்துக்கு. கம்பெனி பங்களா என்றால் சின்னதாக ஒரு கட்டம். தெரு வீடு என்றால் சாய்வுக் கோடு. நாங்கள் எல்லோரும் துவைக்கும் தோபிகானாவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி உண்டு. ஒருத்தர் குறியை இன்னொருத்தர் தொடமாட்டோம். அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

லோரா தேடி வந்த கல்லறை

என் மகள் தீபா, நாங்கள் துணி எடுக்கும் ஒரு ஹோம்ஸ்டேயில் வேலை பார்க்கிறாள். போன் போட்டேன்.

"அந்தக் கொக்கி போட்ட டி-ஷர்ட்டு யாருதுடி?"

"லோரா மேடத்தோடது. எந்து பற்றி, என்னாச்சு? சாயம் போச்சா?"

"சாயம் போகல. என் மானம் போச்சு."

அவள் சிரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

லோரா அமெரிக்காவில் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கொள்ளுத்தாத்தா ஃபிரிட்ஸ் ஒரு ஜெர்மன்காரர். அமெரிக்காவில் குடியேறிப் பண்ணை வைத்து, பிள்ளைகுட்டிகளோடு செழித்தவர். அவர் வம்சம் இன்றைக்கு அங்கே நாலைந்து ஊர்களில் பரவிக் கிடக்கிறது. ஓய்வு பெற்றதிலிருந்து லோராவுக்கு ஒரே வேலைதான்: அந்த வம்சத்தில் யார், எவர், எங்கே பிறந்தார், எங்கே புதைந்தார் என்று தேடி எழுதுவது.

ஃபிரிட்ஸின் மூத்த மகள் ஆன்னா. லோராவின் அம்மாவைப் பெற்றவள். ஆன்னாவைப் பெற்றவள் ஒரு ஜெர்மன்காரி என்றும், பிரசவத்தில் ஜெர்மனியிலேயே இறந்துபோனாள் என்றும்தான் வீட்டில் சொல்லி வந்தார்கள். பிற்பாடு ஒரு பழைய கடிதம் கிடைத்தது. ஃபிரிட்ஸ் அமெரிக்காவுக்குப் போனது ஜெர்மனியிலிருந்து இல்லை, கொச்சியிலிருந்து. இங்கே ஒரு கயிறு வியாபாரக் கம்பெனியில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, கையில் ஒரு பெண் குழந்தையோடு கப்பல் ஏறியிருக்கிறார். இப்போது எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் பரம்பரையைச் சொல்கிறார்களாமே, அதையும் லோரா செய்து பார்த்தார். தென்னிந்தியா என்று கொஞ்சம் வந்தது.

ஆக, ஆன்னாவின் அம்மா கொச்சிக்காரி. பிரசவத்தில் இறந்தாள் என்றால் இங்கே ஒரு கல்லறை இருக்க வேண்டும்.

"கல்லறையைக் கண்டுபிடிச்சு என்ன பண்ணப்போறாங்க?" என்றேன்.

தீபாவின் குரல் இறங்கிவிட்டது. ஃபிரிட்ஸ் அங்கே போய் வேறு கல்யாணம் செய்துகொண்டார். ஆன்னாவுக்கு ஒன்பது வயதோ பத்து வயதோ இருக்கும்போது, அந்தச் சித்தி ஏதோ கோபத்தில், "உங்கம்மா செத்தெல்லாம் போகல. பூனைக்குட்டியைக் குடுக்கிற மாதிரி உன்னைத் தூக்கிக் குடுத்துட்டா" என்று சொல்லிவிட்டாள். ஆன்னா அதை யாரிடமும் சொல்லவில்லை. எண்பது வயதுக்கு மேல், சாகிற காலத்தில், தன் மகளிடம் மட்டும் சொல்லிவிட்டுச் செத்தாள்.

அந்த மகளுக்கு, அதாவது லோராவின் அம்மாவுக்கு, இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. முதியோர் இல்லத்தில் இருக்கிறார். கல்லறையின் போட்டோ ஒன்று வேண்டும் என்றுதான் மகளை அனுப்பியிருக்கிறார். கல்லறை இருந்தால் அவள் செத்திருக்கிறாள். செத்திருந்தால் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கவில்லை. அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

பத்து நாளாக லோரா மழையில் நனைந்துகொண்டு ஒவ்வொரு கல்லறைத் தோட்டமாக ஏறி இறங்குகிறார். பெயரே தெரியாத ஒருத்தியை எங்கே போய்த் தேடுவது? கேட்டபோது பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் டி-ஷர்ட் கோபம் தீரவில்லை.

வாய் சும்மா இருந்தால்தானே

சாயங்காலம் இஸ்திரி போட்ட மூட்டையோடு நானே ஹோம்ஸ்டேக்குப் போனேன். முற்றத்தில் லோரா பால் விடாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, வெள்ளை முடி, கொசு கடித்த கால். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அந்த மரியாதையில் பாதிக் கோபம் இறங்கிவிட்டது.

டி-ஷர்ட்டை விரித்துக் காட்டி, "இது என்னன்னு கேளு" என்றேன் தீபாவிடம்.

அவர்கள் குடும்பச் சின்னமாம். ஜெர்மனியில் பண்ணை வீட்டு வாசலில் இப்படிச் செதுக்குவார்கள் என்று யாரோ நிபுணர் சொல்லியிருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை குடும்பம் மொத்தமும் கூடும்போது எல்லோரும் இதைப் போட்டுக்கொள்வார்களாம். ஒரு தம்பி இதைக் கையில் பச்சையே குத்தியிருக்கிறானாம்.

அடப்பாவிகளா! எங்கள் சலவைக் குறியைப் பச்சை குத்தியிருக்கிறான். அவனை யார் வீட்டு மூட்டையில் சேர்ப்பது?

"இது எங்க குறின்னு சொல்லு. துணி மாறிப் போகாம இருக்கப் போடறது. எங்கேர்ந்து எடுத்தாங்கன்னு கேளு."

லோரா உள்ளே ஓடிப்போய் மெல்லிய தாளில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். குழந்தை அங்கி. கழுத்தில் நாடா கோத்துச் சுருக்குகிற மாதிரி, தொளதொளவென்று, பழுப்பேறிப்போனது. ஆன்னா கப்பலில் போட்டுக்கொண்டு போனது இது ஒன்றுதான் மிச்சமாம். கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டி வைத்திருந்ததை இந்தப் பயணத்துக்காக எடுத்து வந்திருக்கிறார். கொச்சி மழை இந்தப் பத்து நாளில் அதில் பூஞ்சைப் புள்ளி போட்டுவிட்டது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கழுத்துப் பட்டையைத் திருப்பினேன். கடுகளவுக்கு, நேற்றுப் போட்ட மாதிரி, எங்கள் கொக்கி. எந்த மாமியார் போட்டதோ, எந்த மாமனார் போட்டதோ. கண்ணில் நீர் முட்டிவிட்டது.

என் மூட்டையிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்து, அதன் மூலையைத் திருப்பி அங்கிக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்த லோரா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். நமக்குத்தான் யாராவது கேட்க ஆரம்பித்தால் தலைகால் புரியாதே.

"இந்தச் சாய்வுக் கோட்டைப் பாரு. பங்களாத் துணி இல்ல, தெரு வீட்டுத் துணி. புள்ளை இருந்தது பெத்தவ வீட்டுல. அப்புறம் தலைக்கு மேல இருக்கே, அது கிரீடமும் இல்ல கத்தரிக்காயும் இல்ல. வெறும் புள்ளி. பிரசவத் துணின்னு அர்த்தம். தீட்டுக் கழியிற வரைக்கும் வர்ற துணியைத் தனியா வேக வைப்போம். புள்ளை பொறந்தது இதே ஊர்லதான்!"

தீபா மூச்சுவிடாமல் மொழிபெயர்த்தாள். லோரா ஏதோ கேட்டார்.

"ஆன்னாவோட அம்மா செத்த வீட்டிலேர்ந்து இந்தத் துணி வந்திருக்கும், அல்லேன்னு கேட்கிறாங்க."

"அதெப்படி வரும்? பெத்தவ செத்த வீட்டுத் துணியில நாங்க குறியே போடமாட்டோம். குறி போடறது திருப்பிக் கொடுக்கிறதுக்கு. சாவு வீட்டுத் துணி திரும்பிப் போகாது, புள்ளைத் துணியும் சேர்த்துத்தான். இதுல குறி இருக்குதே! அப்போ பெத்தவ நல்லா இருந்திருக்கா, போ!"

ஏதோ நல்ல சேதி சொல்கிறவள் மாதிரி சொன்னேன்.

தீபா மொழிபெயர்க்கவில்லை. என்னையே பார்த்தாள். "அம்மா, நீ இப்போ என்ன சொன்னேன்னு உனக்குத் தெரியுதா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. லோரா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, சொல், சொல் என்று தீபாவின் தோளைத் தொட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

லோரா அழவில்லை. அங்கியைச் சுற்றியிருந்த தாளை எடுத்து நான்காக மடித்தார். பிரித்து மறுபடியும் மடித்தார். பிறகு மெதுவாக ஒரு வாக்கியம் சொன்னார். அதை தீபா சொல்லாமலே எனக்குப் புரிந்தது. ஆனாலும் சொன்னாள்: "அப்போ சித்தி சொன்னதுதான் நெஜம்னு சொல்றாங்க."

என் நாக்கை நானே அறுத்துப் போட்டிருக்கலாம். "அந்தப் பூஞ்சைக் கறையையாவது நான் எடுத்துத் தர்றேன்னு சொல்லு" என்றேன். லோரா அங்கியைத் தந்தார். இனிமேல் அது இருந்தால் என்ன, போனால் என்ன என்கிற மாதிரி தந்தார்.

வெயிலில் பிடித்தபோது

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், "உன் நாக்குக்கு ஒரு பூட்டு வாங்கணும்" என்றார். எதிர்த்துப் பேசவில்லை நான். அதைப் பார்த்து அவரே பயந்துபோய், "கஞ்சி குடிக்கிறியா?" என்று கேட்டார். எனக்கு இறங்கவில்லை. பத்து நாள் மழையில் அலைந்தவளுக்கு ஒரு நிமிஷத்தில் இப்படிச் செய்துவிட்டோமே என்று இருந்தது.

மறுநாள் காலை நல்ல வெயில். அந்த அங்கியைக் கல் பக்கமே கொண்டுபோகவில்லை. பேசினில் தண்ணீர் வைத்து, எலுமிச்சையும் உப்பும் தடவி, பச்சைக் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி அலசினேன். பூஞ்சை போய்விட்டது. கொடியில் போடும்போதுதான் அடிப்பக்கம் கையில் தடித்தது.

வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். அங்கியின் கீழ்ப்பாதியில், குறுக்கே ஊசி போன தடம் இரண்டு வரிசையாகத் தெரிந்தது. குழந்தை வளர வளரப் பிரித்துவிடுவதற்காக உள்ளுக்குள் மடித்துத் தைப்போமே, அந்த மடிப்பைப் பிரித்த தடம். ஒன்று பிரித்திருக்கிறார்கள். பிறகு இன்னொன்றும் பிரித்திருக்கிறார்கள். இரண்டும் பிரித்தால் மூன்று வயதுக் குழந்தைக்கு முழங்காலுக்குக் கீழே வரும். அப்படியென்றால் மூன்று வருடம் குழந்தை பெற்றவளிடம்தான் இருந்திருக்கிறது.

தடித்தது அது இல்லை. அதற்கும் கீழே, விளிம்போடு வேறொரு துணியை ஒட்டுப்போட்டு உள்ளே மடித்திருந்தார்கள். நான்கு விரல் அகலம். அங்கி மெல்லிய வெள்ளைக்காரத் துணி. இது முரட்டு முண்டுத் துணி, பெண்கள் இடுப்பில் கட்டுவது. அங்கி எத்தனையோ வெள்ளாவி கண்டது. இந்த ஒட்டு ஒரு வெள்ளாவிகூடக் காணாதது. தொட்டால் துணியே சொல்லிவிடும். கஞ்சி விறைப்புக்கூட முழுதாகப் போகவில்லை. கப்பல் ஏறுவதற்கு நாலு நாள் முன்னால் தைத்ததாகத்தான் இருக்க வேண்டும்.

ஈரத்தோடு அங்கியை எடுத்துக்கொண்டு ஓடினேன். இந்த வயதில் அப்படி ஓடியதில்லை. ஆட்டோக்காரன் ஒருவன், "அம்மச்சி, கேறிக்கோ" என்று நிறுத்தினான். கேறிக்கொண்டேன்.

லோரா பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். காலைப் புட்டு தட்டில் அப்படியே இருந்தது.

"தீபா, நான் சொல்றதை ஒரு வார்த்தை விடாம சொல்லு. இதெல்லாம் ஒரே கை தைச்சது. பிரிச்ச தடத்தைப் பாரு, அஞ்சு தையலுக்கு ஒரு தையல் இரட்டையாப் போட்டிருக்கா. ஒட்டுப்போட்ட இடத்திலேயும் அதே மாதிரி. கூலிக்குத் தைக்கிறவ தன் முண்டைக் கிழிச்சுத் தைப்பாளா? இது தன் முண்டு. இந்த மடிப்பை எவ்வளவு லேசாத் தைச்சிருக்கா பாரு. ஒரு நூலை இழுத்தா மொத்தமும் பிரிஞ்சு வந்துடும். போற இடத்துல யாரு கையில இருந்தாலும் சிரமம் இல்லாம பிரிச்சு விடட்டும்னு தைச்சது."

லோரா அந்த மடிப்பின் மேல் விரலை வைத்தார். அங்கே அதை யாரும் பிரித்ததே இல்லை. ஏதோ அலங்காரம் என்று நினைத்து அப்படியே கண்ணாடிக்குள் மாட்டிவிட்டார்கள். ஈர அங்கியை முகத்தில் வைத்துக்கொண்டு அப்போதுதான் அவர் அழுதார். எனக்கும் தீபாவுக்கும் சேர்ந்தே வந்துவிட்டது.

அவர் அம்மாவுக்கு அங்கே விடிய வேண்டும் என்று சாயங்காலம்வரை காத்திருந்தோம். பிறகு வீடியோவில் கூப்பிட்டார். தலையணையில் சாய்ந்து ஒரு சின்ன முகம். காது மந்தம் என்பதால் லோரா ஒவ்வொன்றையும் கத்திக் கத்திச் சொன்னார். மடிப்பைக் கேமராவுக்குக் கிட்டே காட்டினார். அந்த அம்மா ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு சலவைக்காரியிடம் தான் ஒன்று கேட்க வேண்டும் என்றார்.

தீபா கேட்டுச் சொன்னாள்: "அவ தூக்கிக் கொடுத்தாளா, இல்ல அவ கையிலேர்ந்து பிடுங்கிட்டுப் போனாங்களா?"

இந்த முறை நான் யோசித்தேன்.

"அது எனக்குத் தெரியாதும்மா. துணியில அது எழுதியில்ல. கொடுத்திருந்தாலும் சரி, பிடுங்கியிருந்தாலும் சரி, தான் பார்க்கப்போகாத வருஷத்துக்கும் சேர்த்துத் தைச்சு அனுப்பியிருக்கா. பூனைக்குட்டிக்கு யாரும் அப்படித் தைக்கமாட்டாங்க."

தீபா சொல்லி முடித்தாள். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகு உதடு அசைந்தது. லோரா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். தீபா இரண்டு முறை ஆரம்பித்து நிறுத்தினாள்.

"என்னடி சொன்னாங்க?"

"'எங்கம்மா இது தெரியாமலே போயிட்டாளே, இதை யார் போய் அவகிட்ட சொல்றது'ன்னாங்க."

"அவ்வளவுதானா?"

"இல்ல. 'சரி, நான்தான் சீக்கிரம் போகப்போறேனே. நானே சொல்லிக்கிறேன்'னாங்க."